எந்த ஹெப்?

கிளிநொச்சிக்கு வந்திருந்த சர்க்கஸ்காரர்கள், விரும்பியவர்களுக்குக் காலையில் ஊஞ்சல் கம்பியில் பறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு வயதில், கணக்கு ஆசிரியையான நானும் போனேன்.

"நான் முதல்தரம் 'ஹெப்' எண்டு கத்தினால், கம்பியைப் பிடிச்சபடி மேல் பலகையில இருந்து குதியுங்கோ. ரெண்டாவது 'ஹெப்' எண்டால் கம்பியை விடுங்கோ," என்றார் பயிற்சி தந்த பெண்.

மேலே ஏறி நின்றதும் எல்லாம் குழம்பிவிட்டது. முதல் ஹெப்புக்கே குதித்து, கம்பியையும் விட்டு, கீழே கட்டியிருந்த வலையில் விழுந்தேன்.

மறுபடி ஏறினேன். இம்முறை குதித்து ஆடினேன். இரண்டாவது ஹெப் கேட்டதும் பிடி இன்னும் இறுகியது.

"அக்கா, விடுங்கோ!"

"எந்தக் கையை?"

"ரெண்டையும்!"

அடுத்த கணம் வலையில் மல்லாந்து கிடந்தேன்.

"வடிவா விட்டீங்கள்," என்று அவர் கைதட்டினார்.

நானாக விட்டேனா, வியர்வையில் கை வழுக்கியதா என்று எனக்கே தெரியவில்லை. "ஓம்," என்று சொல்லிவைத்தேன்.