இரண்டு முறை படித்த சீட்டு

வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழ்ச்சபையில் டார்லீன் கூபியாக் இருபத்தாறு வருஷம் வாக்குச் சீட்டு படித்தவள். மின்பலகையில் வாக்கைப் பதியத் தவறி ஓடி வருகிற உறுப்பினர்கள் அவளிடம் சீட்டில் கையெழுத்திட்டு நீட்டுவார்கள். பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை. பெயரையும் வாக்கையும் சபை கேட்க ஒரு தடவை படிப்பது அவள் வேலை. அவள் எந்தக் கட்சிப் பக்கம் என்று தெரியாமலே அவள் புருஷன் கண்ணை மூடினான். அப்படி ஓர் அழுத்தக்காரி.

அந்த வருஷம் அவளுடைய ஒரே மகன் வெஸ்லி கடல் கடந்து போருக்குப் போயிருந்தான். அதிபர் காங்கிரஸைக் கேட்காமலே ஆரம்பித்த போர். கேட்காமல் அறுபது நாள்தான் நடத்தலாம் என்கிறது சட்டம். ஐம்பத்தெட்டாம் நாள், படையைத் திரும்ப அழைக்கும் தீர்மானம் கீழ்ச்சபைக்கு வந்தது. மேல்சபையான செனட் முன்பே நிறைவேற்றிவிட்டது. பலகையில் இருநூற்றுப் பதின்மூன்றுக்கு இருநூற்றுப் பதின்மூன்று. இன்னும் ஓர் ஆம் விழுந்தால் பையன் வீடு திரும்புவான் என்று டார்லீன் நம்பினாள்.

கடைசி நிமிஷத்தில், இன்னும் வாக்களிக்காத உறுப்பினர் கிழவர் ஃபென்விக் மூச்சிரைக்க வந்தார். விமானத்திலிருந்து நேராக வருகிறார், மூக்குக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டார்.

"சண்டை நடக்கிறப்போ அதிபர் கையைக் கட்டிப் போடுறதாவது டார்லீன்? நான் ஒத்துக்க மாட்டேன்" என்றபடி மேஜையில் தடவி ஒரு சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பச்சைச் சீட்டு.

"ஃபென்விக். ஆம்" என்று படித்தாள்.

கிழவர் பக்கத்து ஆளிடம் விமானம் தாமதமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை. சபைத் தலைவர் முடிவை அறிவிக்கச் சுத்தியலைத் தூக்கிவிட்டார். விதிப்படி அவள் வேலை முடிந்தது. ஒருத்தரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பேசாமல் இருந்திருக்கலாம், பாவி மகள்.

"ஃபென்விக். பச்சைச் சீட்டு. ஆம்" என்று மறுபடியும் உரக்கப் படித்தாள்.

கிழவர் திரும்பினார். "அடடா, சிவப்புன்னுல்ல நெனச்சேன். மாத்திக்கிறேம்மா."

ஒரே வாக்கில் தீர்மானம் தோற்றது.

மறுநாள் மத்தியானம் வெஸ்லி போனில் கூப்பிட்டான். அவள் எதையும் மறைக்கவில்லை.

"பேசாம இருந்திருக்கலாமேம்மா."

"இருந்திருக்கலாம். ஆனா அவரைக் கேக்காம அவர் ஓட்டை நான் எடுத்துக்கிட்டா, யாரையும் கேக்காம உன்னை அங்க அனுப்பினவரை நான் என்னன்னுடா கேக்குறது?"

"சாப்பிட்டியாம்மா?" என்றான் வெஸ்லி.

அவள் இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.