“கை வரலப்பா” என்றாள் என் மகள்

என் மகள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

குளிரில் கை விறைத்துப்போனதால்தான் அவளால் பரீட்சையை எழுதி முடிக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவளுடைய வகுப்பு டீச்சரின் முகத்துக்கு நேராக, “அதெல்லாம் சோம்பேறித்தனம் டீச்சர்” என்று சொன்னேன். உண்மையை இரண்டு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

இதைப் படிக்கிற நீ பரீட்சை எழுதுகிற வயதுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் நடந்ததைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அந்த வேலையைத்தான் ஏற்கெனவே வேண்டிய மட்டும் செய்துவிட்டேனே!

என் வீடு குள்ளஞ்சாவடிப் பக்கம். வேலை நெய்வேலிச் சுரங்கத்தில், கான்ட்ராக்ட்டில். நிலக்கரியைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே வரிசையாக உருளைகள் இருக்கும். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவது எங்கள் வேலை.

மார்கழி, தை மாதங்களில் காலையில் அந்தச் சுரங்கப் பள்ளத்துக்குள் இறங்கிப் பார். பனி தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரும்பைத் தொட்டால் பல் கடிப்பதுபோல் இருக்கும். அப்போது எங்கள் ஃபோர்மேன் யாரையும் ஸ்பேனரைத் தொட விடமாட்டார்.

“கைய வெறச்சிகினு போல்ட்டு மேல போவாதீங்கடா! நழுவுச்சின்னா வெரலு போயிடும். போயி மொதல்ல சூடு ஏத்திகினு வாங்க.”

பெல்ட்டை நிறுத்தியிருந்தாலும், அதை ஓட்டுகிற மோட்டாரின் உறை கொஞ்ச நேரத்துக்குச் சூடாகவே இருக்கும். அதன்மேல் உள்ளங்கையை வைப்போம். பிறகு அக்குளில் கையைச் செருகிக்கொண்டு நிற்போம். விரல்களை மடக்கி மடக்கி விரிப்போம். பத்து நிமிஷத்தில் கை நம் பேச்சைக் கேட்கும். அதற்கப்புறம்தான் ஸ்பேனர்.

பதினைந்து வருஷமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்கிற காரியம் இது. ஒரு போல்ட்டைத் திருகுவதற்குக் கையைத் தயார் செய்யத் தெரிந்த எனக்கு… ஒரு பேனாவைப் பிடிப்பதற்கு என் மகளின் கையைத் தயார் செய்யத் தெரியாதா? தெரியும். அதுதான் குற்றம்.

ஏன் சொல்லவில்லை? அதற்கு நான் எழுதிய பரீட்சைக்குப் போக வேண்டும்.

இளவரசி, அதுதான் என் மகள், அப்போது ஒன்றாம் வகுப்பு. எங்கள் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பர்மனென்ட் வேலைக்காக ஒரு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். நான் ஆறு மாதம் படித்தேன். என் மனைவி சுமதி கேள்வியைக் கேட்பாள், நான் ஒப்பிப்பேன். தை மாதம், காலை நேரம். வெறும் கையோடு பனிக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். பரீட்சை நடந்த அறையில் ஏ.சி. வேறு!

பேனாவைத் திறந்தேன். விரல் நுனிகள் நான்கும் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தன. எனக்கு எப்போதுமே மற்றவர்களைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும். சுரங்கத்தில் மோட்டார் உறையைவிட்டுக் கடைசியாகக் கையை எடுப்பவன் நான்தான். அன்றைக்குப் பயமும் சேர்ந்துகொண்டது. பேனா இருப்பதே தெரியவில்லை. ஒரு வரி எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியது. இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க இன்னும் மரத்தது. தெரிந்த பதில்கள்! சுமதியிடம் பத்துத் தடவை ஒப்பித்த பதில்கள்! கை வழிக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது.

என்னோடு வேலை செய்யும் பக்கிரி வெளியே நின்றிருந்தான். அவனும் எழுதியவன்தான்.

“இன்னா மாப்ள, மொகம் இப்பிடி கெடக்குது? ஸ்பேனர் புடிச்ச கையில பேனா நிக்கிலியா?”

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. குளிரில் கை வரவில்லை என்று சொன்னால் சிரிப்பார்களே! சுரங்கத்து ஆம்பளைக்குக் குளிரா?

“படிச்சதுல ஒண்ணுகூட வரலடா” என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். “நாம படிச்ச பாடத்துலயே கேக்கல சுமதி.”

அவள் நம்பினாள். நம்பினது மட்டுமா! பார்த்தவர்களிடமெல்லாம் எனக்காகச் சண்டைக்குப் போனாள். “எங்க வூட்டுக்காரு ஆறு மாசம் கண்ணு முழிச்சிகினு படிச்சாரு. படிச்சத கேட்டாத்தான எழுதுவாரு!” பக்கிரி பாஸாகி, நெய்வேலி நகரியத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன அன்று, அவன் மனைவியிடமும் இதையே சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நான் எப்படி உண்மையைச் சொல்வது? நீயே சொல்.

வருஷங்கள் போயின. இளவரசி நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். அரைப்பரீட்சை மார்கழியில் வரும். பரீட்சை நாளில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். வெந்நீரில் குளித்தால் தூக்கம் வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு வண்டியின் பின்னால் உட்காருவாள். நான் அவளைப் பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போவேன்.

முதல் பரீட்சையன்று வாசலில் இறங்கியவள் கையை நீட்டினாள்.

“அப்பா, இங்க பாருங்களேன்… நேத்து மாடல் டெஸ்ட்லயும் இப்படித்தான். கை வரலப்பா.”

பார்த்தேன். விரல் நுனிகள் நான்கும் வெளுத்திருந்தன.

என் கை! என் கையைத்தான் அவள் கொண்டு பிறந்திருந்தாள்!

அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி அவள் கைகளை என் கைக்குள் வைத்துத் தேய்த்திருக்க வேண்டும். எதிரே டீக்கடை. ஒரு கிளாஸ் டீயை வாங்கிக் கையில் கொடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்வையைத் திருப்பிக்கொண்டேன். “போ, போய் உக்காந்தா எல்லாம் சரியாயிடும். கையா வரல? படிப்பு வரலன்னு சொல்லு!” என்றேன். இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மற்றப் பரீட்சை நாட்களில் அவள் கையைக் காட்டவில்லை.

விடுமுறை முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நானும் சுமதியும் போனோம். டீச்சர் விடைத்தாள்களைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கங்கள் காலி. முதல் பக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அந்தக் கோணலை எனக்கு அடையாளம் தெரிந்தது.

“மத்தியானம் வெக்கிற டெஸ்ட்ல இளவரசி நல்லா எழுதுறா. காலைல மட்டும் இப்படி ஆகுது. கைக்கு ஏதாச்சும் பிரச்சனையா? இருந்தா தயங்காம சொல்லுங்க. வெயில் வர்ற ரூமா பார்த்து உக்கார வெச்சிடலாம். ஒண்ணும் இல்லன்னா, இந்த மார்க்குக்கு ஸ்லோ லேர்னர் கிளாஸ்லதான் போட்டாகணும்.”

எவ்வளவு நல்ல டீச்சர்! கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாருங்கள் என்று கூப்பிட்டார்.

“கை வெறச்சிகினு போவுதுன்னு சொல்றா டீச்சர்” என்றாள் சுமதி. “எங்க வூட்ல யாருக்கும் அப்பிடி கெடையாதுங்க. அவங்க அப்பாவுக்குக்கூட…” என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை. ‘எனக்கு உண்டு’ என்ற ஒரே வார்த்தை! அதைச் சொல்லியிருந்தால் சுமதி அடுத்து என்ன கேட்டிருப்பாள்? அந்தப் பரீட்சையைக் கேட்டிருப்பாள். ஊரெல்லாம் எனக்காகப் பேசிய பேச்சை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

“அதெல்லாம் சோம்பேறித்தனம் டீச்சர். எந்நேரமும் ஃபோன பாத்துகினு கெடக்குறா. நீங்க அந்த கிளாஸ்லயே போடுங்க.”

இளவரசி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். என்னை மட்டும் பார்த்தாள்.

அந்த வகுப்பில் மெல்லிய புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். பாஸ் மார்க்குக்கு எது போதுமோ அதை மட்டும் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். அது தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. என் மகளுக்கு அது தேவையில்லை. பொதுப்பரீட்சை பங்குனி வெயிலில் வந்தது. கை நன்றாக ஓடியது. ஆனால் ஓடுகிற கைக்கு எழுத விஷயம் வேண்டுமே! பாதிப் பாடத்தை அவள் புரட்டியே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

உயிரியல் எடுத்து, ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. வந்த மார்க்குக்கு அந்தக் குரூப் கிடைக்கவில்லை. கிடைத்ததில் சேர்ந்தாள். அதுகூடப் போகட்டும்… ஒருநாள் என் தங்கை வந்தபோது, “நானு ஸ்லோ லேர்னர் அத்த, எனக்கு இது போதும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்ன பொய்யை அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்!

போன மார்கழியில் பன்னிரண்டாம் வகுப்பு அரைப்பரீட்சை. காலையில் அடுப்பங்கரைக்குப் போனேன். இளவரசி ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய துண்டைச் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றாள். விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லணும்? நானே கண்டுபிடிச்சேன்.”

பதினைந்து வருஷமாக எனக்குத் தெரிந்ததை, என் வீட்டுக்குள்ளேயே, அவள் தனியாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அவளுக்குச் சொல்லாததை உனக்காவது சொல்கிறேன், கேட்டுக்கொள். பரீட்சை நாளில் வெந்நீரில் குளி. தலையை நன்றாகத் துவட்டு. முழுக்கைச் சட்டையோ ஸ்வெட்டரோ போட்டுக்கொள். உடம்பு குளிர்ந்தால் கையும் குளிர்ந்துவிடும். வண்டியில் போனால் கையுறை. மணி அடிக்கும்வரை கையை அக்குளில் வைத்திரு. ஃபேனுக்கு நேர் கீழே இடம் கிடைத்தால் வாயைத் திறந்து கேள், வெட்கப்படாதே! தாராளமாக மை இறங்குகிற பேனாவாக எடுத்துக்கொண்டு போ. பேனாவை இறுக்காதே. நான் இறுக்கினேன்… முதலில் ஒரு மார்க் கேள்விகளை எழுது. பெரிய பதிலுக்கு வருவதற்குள் விரல் இளகிவிடும். அடிக்கடி விரல் வெளுத்தால் டாக்டரிடம் காட்டு. வீட்டில் நம்பாவிட்டால் டீச்சரிடம் சொல். உன் அப்பா என்னைப்போல் இருந்தால், அவரை விட்டுவிட்டு நீயே சொல்.

பாட்டிலோடு அவளைப் பார்த்த அன்று சாயங்காலம் குள்ளஞ்சாவடிக் கடையில் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். மறுநாள் காலை பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினேன். பனியில் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது.

“என்னப்பா? பெட்ரோல் இல்லியா?”

சொன்னேன். என் பரீட்சை, என் விரல், பக்கிரி, டீச்சர், எல்லாவற்றையும். அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் வெந்நீர் பாட்டிலில் சுற்றியிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

“அன்னிக்கு டீச்சர் கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

“வாசல்ல நான் கையைக் காட்டினப்ப?”

“…தெரியும்.”

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

இந்த வரியை எழுதுகிற இன்றைக்கும் இல்லை. போன வாரம்கூட ஒரு கல்யாண வீட்டில் சுமதி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், “படிச்சத கேட்டாத்தான எழுதுவாரு” என்று. நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கையுறைகளை எடுத்து இளவரசியிடம் நீட்டினேன். வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள். திருப்பி என் மடியில் வைத்தாள்.

“வண்டி ஓட்டுறது நீங்கதானே. நீங்களே போட்டுக்கங்க. என்கிட்ட பாட்டில் இருக்கு. கிளம்புங்க, லேட்டாவுது.”

போட்டுக்கொண்டேன். வண்டியைக் கிளப்பினேன். எப்போதும் குழியில் இறங்கும்போது என் தோளைப் பிடிப்பாள். அன்று பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் வரும்வரை என் பத்து விரல்களும் கதகதப்பாகத்தான் இருந்தன…