நான் நட்ட குச்சியும் ஒரு தாமரைக்கோழியும்

பிள்ளைகளா, எனக்குத் தாமரை பறிக்கிற வேலை. வீடு விளாங்குடியில். விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போய்விடுவேன். காற்றடித்த லாரி டியூபில் உட்கார்ந்து, கையாலேயே தண்ணீரைத் துழாவிக்கொண்டு போய்ப் பூப்பறிப்போம். நானும் இன்னொருத்தரும்தான். ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வோம், சொந்தமெல்லாம் இல்லை. யார் எந்தப் பக்கம் பறிப்பது என்று மூங்கில் குச்சி நட்டு, உச்சியில் துணி கட்டிவிடுவோம். துணி கட்டிய குச்சியைத் தாண்டி அடுத்தவர் கை போகாது. எங்களுக்குள் அதுதான் சட்டம்.

அந்தக் கண்மாயில்தான் தாமரைக்கோழியைப் பக்கத்தில் பார்த்தேன். முகம் வெள்ளை, றெக்கை வெள்ளை, வயிறு கருப்பு. பின்கழுத்தில் மட்டும் தங்கத்தைக் காய்ச்சி ஊற்றினது போல ஒரு மஞ்சள். வால் நீளமாக அரிவாள் கணக்கா வளைந்திருக்கும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது காலைத்தான். அம்மாடி, என்ன விரல்! இரண்டு தீக்குச்சியை ஒட்டவைத்த நீளம் இருக்கும் ஒவ்வொன்றும். அதை விரித்து வைத்து இலை மேல் நடக்கும், இலை முங்காது. நான் கையை ஊன்றினால் முங்கிவிடுகிற இலை அது. சத்தமோ பூனைக்குட்டி சத்தம். முதல் தடவை கேட்டபோது கண்மாய்க்குள் யாரோ பூனையைப் போட்டுவிட்டார்கள் என்று தேடியிருக்கிறேன்.

ஆவணி மாதம் ஒருநாள் என் பங்கில் அது படுத்திருந்தது. டியூபைப் பார்த்து எழுந்து போனதும் பார்த்தேன், நாலு முட்டை. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இலை மேல் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். முட்டை வெண்கலப் பாத்திரம் மாதிரி மினுங்கியது. ஒரு முனை பம்பரம் போலக் கூர்.

"அம்மாக்காரி எம்புட்டுப் பொறுமையா உக்காந்திருக்கா பாரு மாப்ள" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அம்மாக்காரியா? நல்லாப் பாத்த போ! அது அப்பன்காரன். ஆத்தாகாரி முட்டையப் போட்டுட்டு வேற சேவலோட போயி நாளாச்சு. உன்னைய மாதிரிதான் மாப்ள. வீட்டம்மா ஷிப்டுக்குப் போயிட்டா நீ பிள்ளை பாக்குறேல்ல?"

அவர் கேலி பண்ணினார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் என் மகளிடம் சொன்னேன். அதிலிருந்து தினமும் நான் செருப்பைக் கழற்றுமுன்னே கேட்பாள், "நாலும் இருக்காப்பா?"

இருக்க வேண்டுமே என்றுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கரைக்குத் திரும்புகையில் மாப்ள தெரியாமல் டியூபை விட்டு மோதிவிடக் கூடாதென்று, கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குச்சியை நட்டுத் துணி கட்டினேன். நமக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதானே.

மூன்றாம் நாள் காலை அந்தக் குச்சி உச்சியில் கருடன் உட்கார்ந்திருந்தது. செம்பருந்தைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். மாப்ள டியூபில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உன் குச்சியிலயே வந்து உக்காந்திருக்கு. உனக்கு நல்ல காலம்தான்."

நானும் கும்பிடக் கையைத் தூக்கினேன். அப்புறம்தான் கருடன் எதைப் பார்க்கிறது என்று பார்த்தேன். நட்டநடுக் கண்மாயில், கூட்டுக்கு நேர் மேலே, அதற்கு வசதியாக உட்கார இடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன் நான்!

தாமரைக்கோழி கூட்டை விட்டு ஓடி, ஒரு றெக்கையை ஒடிந்தது போலத் தொங்கவிட்டு, இலை இலையாக விழுந்து புரண்டது. என்னைப் பிடி, முட்டையை விடு என்று கேட்கிற மாதிரி இருந்தது. கருடன் ஏமாறவில்லை. நான் கத்திக்கொண்டு போய்ச் சேருமுன் இறங்கி எழும்பிவிட்டது. மூன்று முட்டைதான் மிச்சம். குச்சியைப் பிடுங்கி இரண்டாக ஒடித்தேன்.

கூட்டுக்குக் கிட்டே நிற்காமல் தள்ளிப் போய் ஒதுங்கினோம். அப்போது நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அது திரும்பி வந்தது. சுற்றிப் பார்த்தது. ஒரு முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் இடையில் அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்து நடந்தது. உருளுகிற முட்டை, ஆடுகிற இலை, கீழே இடுப்பளவு தண்ணீர். நாலைந்து இலை தாண்டி, புல் மறைத்திருந்த ஓரிடத்தில் வைத்தது. திரும்ப வந்து அடுத்தது. மூன்றாவதை எடுக்கையில் இலை சாய்ந்தது. அது அசையாமல் நின்று, இலை சமனான பிறகுதான் அடுத்த காலை வைத்தது.

"ஒரு கையுங் கிடையாது மாப்ள அதுக்கு" என்றார் அவர், மெதுவாக.

அன்றைக்கு மகளிடம் "மூணு" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டபோது தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

புரட்டாசியில் குஞ்சு பொரித்தது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் மகளைக் கூட்டிப் போய்க் கரையில் நிறுத்தினேன். மூன்று குஞ்சும் அப்பன் பின்னால் இலை மேல் தத்தித் தத்தி வந்தன. உடம்பை விடக் கால்தான் பெரிது. அந்த நேரம் பார்த்து மேலே கருடன் நிழல் ஓடியது. அப்பன் ஒரு சத்தம் கொடுத்தது. குஞ்சுகளைக் காணோம்! மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் கண்ணைச் சுருக்கித் தேடினேன். இலை ஓரத்தில் தண்ணீருக்கு மேலே அலகு நுனி மட்டும், ஒன்று, இரண்டு, மூன்று. உடம்பு முழுக்க உள்ளே. பொரிந்து சில நாள்கூட ஆகாத குஞ்சுகள் அவை.

நிழல் போன பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறின.

"நாலாவது என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"காப்பாத்துறேன்னு அப்பா ஒரு குச்சி நட்டேன்டா. அதுல கருடன் வந்து உக்காந்து எடுத்துட்டுப் போயிருச்சு."

அவள் என்னைத் திட்டவில்லை. அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டு, "குச்சிய நட்டது நீங்கதான்னு அதுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று நினைக்கிறேன். ஆனாலும் என் டியூப் அந்தப் பக்கம் திரும்பினால் இன்றைக்கும் அது பிள்ளைகளை முதலில் மறைக்கிறது. சரியாகத்தான் செய்கிறது.