ரேடியோவில் வந்த பாஷ்யம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பாஷ்யத்துக்கு இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை. நானூற்று நாற்பது வோல்ட் ஓடும் பெட்டியைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறப்பார். வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷர் தெருவுக்கே தெரிகிற மாதிரி ஒரு ஏரியல் கட்டி வைத்திருந்ததுதான் வேடிக்கை.

எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி அது. ஒரு முனை அவர் மொட்டை மாடியில், மறு முனை பின்வீட்டுச் செல்லக்கனியின் தென்னையில். ஞாயிறு சாயங்காலம் இலங்கையிலிருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பில் பழைய ராக் பாட்டு போடுவார்கள். அதற்காகத்தான் இத்தனை பாடு. காலையில் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிக்கும் ஐயங்கார், சாயங்காலம் டிரம்ஸுக்குத் தொடையில் தாளம் போடுவார். வார்த்தை பாதி புரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது.

சிற்றலையில் தூர நாட்டு ரேடியோ கேட்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சத்தம் எப்படி வந்தது, குறுக்கே வேறு நிலையம் புகுந்ததா, இரைச்சல் எவ்வளவு என்று ஐந்து எண்களில் மார்க் போட்டு நிலையத்துக்குக் கார்டு எழுதுவார்கள். பதிலுக்கு நிலையம் படம் போட்ட வண்ண அட்டை அனுப்பும். பாஷ்யமும் சித்திரையில் ஒரு கார்டு எழுதிப் போட்டார். அட்டை வந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆணிகூட அடித்தாயிற்று.

அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது.

அதன்பிறகு இலங்கை என்று வாய்விட்டுச் சொல்லவே ஜனங்கள் பயந்தார்கள். யார் வீட்டில் புது ஆள், யார் வீட்டில் வயர்லெஸ் என்று போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோக்காரர், அடுத்த வாரம் ராக் பாட்டு பற்றி நேயர்கள் எழுதியதைப் படிக்கப் போவதாகச் சொல்லித் தொலைத்தார். தன் பெயர் வராதா என்று ஏங்கிய பாஷ்யம், வரக்கூடாதே என்று ஆண்டாளை வேண்ட ஆரம்பித்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பியை அவிழ்த்திருக்கலாம். அவிழ்ப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அதையும் செய்யவில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் கான்ஸ்டபிள் சோலைராஜ் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"சாமி, மேல என்ன வயரு? இலங்கைக்குப் பேசுதீயன்னு ஸ்டேசன்ல புகார் வந்திருக்கு."

"பேச முடியாதுங்க. கேக்கத்தான் முடியும். வெறும் பாட்டு."

"அப்போ போடுங்க. செத்த நேரம் கேட்டுட்டுப் போறேன்."

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். பாஷ்யம் குமிழைத் திருகினார். முள் இரண்டு தடவை நிலையத்தைத் தாண்டி ஓடியது. கிட்டார் ஓய்ந்ததும் கடிதங்கள் தொடங்கின. ஒரு டீச்சர் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதாராம். ஒரு கப்பல்காரருக்குப் பழைய காதலி ஞாபகம் வந்ததாம். அடுத்து, "பாஷ்யம், ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றது ரேடியோ.

ஊர்ப் பெயர் கேட்டதும் சோலைராஜ் நிமிர்ந்தார். ஆங்கிலத்தில் ஐந்து எண்கள் வந்தன: நான்கு, ஐந்து, மூன்று, மூன்று, மூன்று. பிறகு பாஷ்யம் எழுதியதைப் படித்தார்கள். 'மில் சத்தம் வீட்டுக்கு வந்தபின்னும் என் காதுக்குள் ஓடுகிறது. உங்கள் கிட்டார் வந்தால்தான் அது நிற்கிறது.'

அந்த நிமிஷம் ரேடியோவையே தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் போலிருந்தது அவருக்கு.

"அது என்ன நம்பரு? பேரு உங்க பேருதான?"

எண்களுக்கு அர்த்தம் சொல்லலாம். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? "அந்த பாஷ்யம் நான் இல்லை," என்றார்.

"இந்த ஊர்ல எம்புட்டு பாஷ்யம் இருக்காவ?"

உள்ளேயிருந்து மனைவி வஞ்சுளவல்லி வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மாட வீதியில நின்னு பாஷ்யம்னு கூப்பிட்டுப் பாருங்கோ. ஆத்துக்கு ஒருத்தர் திரும்புவார்."

சோலைராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லது. வயரை அவுத்துருங்க. பொறவு மேல இருந்து ஆள் வந்தா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கம்பி அன்றைக்கே இறங்கியது. ரேடியோ பரணுக்குப் போயிற்று. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பாஷ்யம் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வார். ஞாயிறு சாயங்காலங்களிலும் காதுக்குள் மில் ஓடியது.

ஐப்பசியில் ஒருநாள் தபால்காரர் சுயம்புலிங்கம் வந்தார். பாஷ்யம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர் அவர். கையில் ஒரு வண்ண அட்டை. அதில் கடற்கரையும் நெடிய ரேடியோ கோபுரமும், ஓரத்தில் ஒரு கிட்டாரும் இருந்தன.

"சாமி, உங்களுக்குத்தான். ஸ்டாம்பைப் பாருங்க, இலங்கையில இருந்து வந்திருக்கு."

பாஷ்யம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். நீட்டப்போன கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது வேற பாஷ்யம்."

சுயம்புலிங்கம் சிரிக்கத் தொடங்கினார். பாஷ்யத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி. அப்போ திருப்பி அனுப்பிருதேன்," என்று அட்டையைப் பைக்குள் போட்டார்.

வஞ்சுளவல்லி கூடத்தில்தான் நின்றிருந்தாள். சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.