கிண்ணத்தின் அடியில் ஒரு பிளம் பூ

பிப்ரவரி ஒன்பதாம் தேதி. இரவெல்லாம் கொட்டிய பனி விடியற்காலையில் நின்றுவிட்டது. காற்று இல்லை. கித்தாகத்தா ஊரின் கூரைகளெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெண்மையைச் சுமந்து நின்றன.

ஏழு மணிக்கு ஒகுமா மசஹாரு ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் தம் கடை வாசலில் நீலத் துணியைத் தொங்கவிட்டார். துணி தொங்கினால் கடை உண்டு. சூப் தீர்ந்ததும் அதை உள்ளே எடுத்துவிடுவார். இவ்வூரில் காலை உணவே ராமென்தான் என்போர் பலர் இருந்ததால், பத்து நாற்காலிகளே உள்ள அச்சிறு கடை திறந்தவுடன் நிரம்பிவிடும்.

அவர் மனைவி சுமியே அன்று கடையில் இல்லை. தமக்கையின் வீட்டுக் கூரையில் பனி தள்ளுவதற்காக விடியலிலேயே போயிருந்தாள். ஆகவே மேசையிலுள்ள தண்ணீர் ஜாடியை நிரப்பும் வேலையும் ஒகுமாவின் தலையில் விழுந்தது.

ஒகுமாவிடம் ஓர் இரகசியம் இருந்தது. அக்டோபரில் வந்த காய்ச்சல் அவருடைய நாவின் சுவையைக் கொண்டுபோய்விட்டது. சூப்பை வாயில் வைத்தால் சூடு தெரியும்; வேறொன்றும் தெரியாது. திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். ருசி அறியாதவன் ராமென் கடை நடத்தலாமா? நடத்தக் கூடாது என்பதே ஒகுமாவின் தீர்மானமான கருத்து. எனினும் கடையை மூட மனம் வராமல், மனைவியிடமும் சொல்லாமல், நாள்களைக் கடத்தி வந்தார்.

அவருக்கு ஒரு சாட்சி இருந்தது. அக்கடைக் கிண்ணங்களின் அடியில் சிவப்பு வண்ணத்தில் ஒரு பிளம் பூ வரைந்திருக்கும். சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தால்தான் பூ தெரியும். உண்டவர்கள் கிண்ணத்தைத் தாமே தூக்கிச் சமையற்பக்கத்து மேல்தட்டில் வைத்து, மேசையைத் துடைத்துவிட்டுப் போவது வழக்கம். முன்பெல்லாம் பாதிப் பேராவது சூப்பை மிச்சம் வைப்பார்கள். இக்குளிர்காலத்திலோ எல்லாக் கிண்ணங்களிலும் பூ தெரிந்தது. நாக்குப் போனாலும் கைப்பக்குவம் போகவில்லை என்று ஒகுமா நம்பினார். சூப் சப்பென்று இருப்பதாகத் தோன்றும்போதெல்லாம் சோயாச் சாற்றை இன்னும் கொஞ்சம் சேர்த்தார்.

அன்று கூட்டம் கலைவதற்குள் ஜாடி மூன்று முறை காலியாயிற்று. மூன்றாம் முறை குழாயடியில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. பனி மூடிய நாளில் இத்தனை பச்சைத் தண்ணீரை யார் குடிப்பார்கள்?

கடையில் மிச்சமிருந்தவர் நிஹெய் ஒருவரே. இரவு முழுவதும் பனி அகற்றும் வண்டியை ஓட்டிவிட்டு, காலையில் இங்கு உண்டு வீட்டுக்குப் போய் உறங்குபவர். அவர் கிண்ணத்தை மேல்தட்டில் வைத்தார். பூ தெரிந்தது. உடனே டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"என்னய்யா, இவ்வளவு தாகம்?"

"உள்ள ஒரே வெக்கையா இருக்கு மாஸ்டர்."

"வெக்கையா? ஹீட்டரை நான் இன்னும் பத்தவே வைக்கலையே!"

நிஹெய் பேசியபோது வாயிலிருந்து ஆவி வெளியே வந்தது. அவர் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்பா?" என்று கேட்டார் ஒகுமா.

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"சரி, கடல் மாஸ்டர். புத்தாண்டுக்கு முன்னாடியிலேர்ந்து கடல்."

"அப்புறம் எதுக்குய்யா அடிவரைக்கும் குடிச்சீங்க எல்லாரும்?"

"முன்னாடி மிச்சம் வெச்சா வயிறு ரொம்பிடுச்சுன்னு அர்த்தம். இப்ப வெச்சா வேற அர்த்தம் ஆயிடுமே. நீங்க ஒவ்வொரு கிண்ணத்தையும் எட்டி எட்டிப் பாக்குறீங்க. அந்த மூஞ்சிக்கு முன்னாடி எவன் மிச்சம் வெப்பான்?"

ஒகுமா வாசலுக்குச் சென்று நீலத் துணியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார். அண்டாவில் சூப் பாதிக்குமேல் இருந்தது.

அந்நேரம் பார்த்துச் சுமியே பனிக்காலப் பூட்சுகளைத் தட்டிக்கொண்டே நுழைந்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள சூப் தீந்துடுச்சா?"

"தீரலை. எனக்கு ருசி தெரியலை, சுமியே. அக்டோபர் காய்ச்சல்லேர்ந்து."

"தெரியும்."

"தெரியுமா!"

"தினம் ஜாடியை ரொப்புறது யாரு? நீங்களா சொல்லட்டும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து அந்தச் சின்னக் கரண்டியை ஒரு தடவையாவது என்னைத் தொட விட்டிருக்கீங்களா?"

ருசி பார்க்கும் அக்கரண்டி ஒகுமாவின் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்தார்; இன்னொரு முறையும் துடைத்தார்; பிறகு நீட்டினார். அவள் அண்டாவிலிருந்த சூப்பைத் தொட்டு வாயில் வைத்ததும் முகம் கோணிற்று.

"அடேயப்பா! இதையா தினம் குடிச்சீங்க, நிஹெய்? உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்."

"கோயில் வேணாம் அக்கா. இன்னொரு டம்ளர் தண்ணி குடுங்க, போதும்."

ஒகுமா உப்புச் சேர்க்காத எலும்புச் சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றி அதை இளக்கினார். சுமியே ருசி பார்த்துத் தலையை ஆட்டினாள்; மீண்டும் ஊற்றினார்; மீண்டும் ஆட்டினாள். அவள் "போதும்" என்று சொன்ன பின்னரே நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டார்.

இரண்டாம் கிண்ணம் நிஹெயின் முன் வந்தது. அவர் உறிஞ்சி உறிஞ்சி உண்டார். இடையில் ஒரு முறை கண்களை மூடிக்கொண்டார். முடித்ததும் கிண்ணத்தை மேல்தட்டில் வைத்து மேசையைத் துடைத்தார். ஜாடிப் பக்கம் அவர் கை போகவில்லை.

ஒகுமா எட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் இரண்டு விரற்கடை சூப் மிச்சமிருந்தது. பூ தெரியவில்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் நின்று தொப்பியை மாட்டிக்கொண்ட நிஹெய், பெஞ்சின்மேல் கிடந்த நீலத் துணியைப் பார்த்தார்.

"மாஸ்டர், நாளைக்குக் கடை உண்டா?"

ஒகுமா சுமியேயைப் பார்த்தார். கரண்டி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"உண்டு," என்றார். "ஏழு மணிக்கு."