பேபி, கேட்டை நட்சத்திரம்

இந்த முறையும் இல்லை எண்டு மெயில் வந்தபோது நான் எங்கட தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலில மரக்கறிக் கடை வாசலில நிண்டனான். போன வருசம் மாசி மாதம், நல்ல குளிர். கையில முருங்கைக்காய். ‘உங்களுடைய விண்ணப்பத்தைத் தொடர முடியாததற்கு வருந்துகிறோம்’ எண்டு அதே பிரெஞ்சு வசனம். ஒரு எழுத்துக்கூட மாத்த மாட்டினம். முருங்கைக்காயைத் திருப்பி வைச்சுப்போட்டு, பின்னால இருக்கிற பிள்ளையார் கோயிலைப் பார்த்து, போதும் இனி உம்மட்டை வரமாட்டன் எண்டு சொன்னன். வாய் திறந்துதான் சொன்னன். கடைக்கார அண்ணை தனக்குத்தான் ஏசுறன் எண்டு நினைச்சு ஒரு மாதிரிப் பார்த்தார்.

என்ர பெயர் தர்சினி. கணிதத்தில கலாநிதிப் பட்டம். புள்ளிகளையும் கோடுகளையும் வைச்சு, ஆர் ஆரோட எப்பிடித் தொடுக்கப்பட்டிருக்கினம் எண்டு பார்க்கிற கணிதம். கொம்பியூட்டர்காரருக்கும் அது தேவை. அதால கணிதம், கணினி ரெண்டு துறைக்கும் நான் எழுதிப் போடலாம். நான் கேட்டது ஒரேயொரு வேலை. யூனிவர்சிற்றியில எடுத்து, சில வருசம் பார்த்துப்போட்டு நிரந்தரமாக்குவினம், அந்த வேலை. அது கிடைக்கும் மட்டும் ஒரு வருசம், ரெண்டு வருசம் எண்டு தற்காலிகமா ஆராய்ச்சி செய்துகொண்டு ஊர் ஊராத் திரியவேணும். நானும் திரிஞ்சன். வயதும் போச்சு. அந்த நேரம் என்ர கடைசி ஒப்பந்தமும் முடியப்போகுது. அதோட கணிதத்தை விட்டுப்போட்டு ஏதாவது கொம்பனியில போய்க் குந்தவேண்டியதுதான்.

சம்பளம் அங்கை கூடத்தானே எண்டு ஆக்கள் சொல்லுவினம். அவையளுக்கு என்னத்தைச் சொல்லுறது? எனக்கு வேற ஒண்டும் செய்ய விருப்பமில்லை. அவ்வளவுதான்.

லாச்சப்பலுக்குப் போனாலே எனக்கு எரிச்சல். தெரிஞ்ச ஒருத்தராவது மறிச்சு, பிள்ளை இன்னும் படிச்சு முடியேல்லையோ எண்டு கேப்பினம். படிச்சு முடிஞ்சுது அன்ரி, இப்ப வேலை தேடுறன் எண்டால், இவ்வளவு படிச்சும் வேலை இல்லையோ எண்டு அடுத்த கேள்வி. எதைச் சொன்னாலும் எனக்குத்தான் தோல்வி.

அது வரைக்கும் ஒரேயொரு இடத்திலதான் நேர்முகத்துக்குக் கூப்பிட்டவை. அதுவும் எப்பிடிப் போச்சுது தெரியுமோ? குழுவில ஒரு வயசான மனுசன், கண்ணாடியைத் தூக்கிப்போட்டு, ‘திருவாளர் தர்சினியின் கட்டுரைகளில் உங்கள் பங்கு எது?’ எண்டு கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கு மேல ஏறிச்சுது. முன்னால இருக்கிறவளின்ர பெயர்கூடத் தெரியாமல் நக்கலா அடிக்கிறார் எண்டு நினைச்சன். முழுக்க என்ரதான் எண்டு வெட்டிச் சொன்னன். அவையள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டினம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. வீட்டை வந்து என்ர மனுசனுக்கும் அம்மாவுக்கும் முன்னால அந்தக் கண்ணாடிக்காரரைத் திட்டித் தீர்த்தன்.

அந்த மெயிலுக்குப் பிறகு நான் கோயிலுக்குள்ள காலடி வைக்கிறேல்லை. அம்மா விடுவாவோ? வெள்ளிக்கிழமை தவறாமல் வில்லியே லே பெல்லில இருக்கிற எங்கட வீட்டில இருந்து ரெயில் பிடிச்சு வந்து, என்ர பெயரில அர்ச்சனை செய்வா. எனக்கு லீவு எண்டால் நானும் துணைக்கு வரவேணும். வந்து வாசலில செருப்புக்குக் காவல் நிப்பன். உள்ளை வராட்டி ஆருக்கு நட்டம் எண்டு அம்மா கேப்பா. எனக்கு இனி நட்டப்பட ஒண்டும் மிச்சமில்லை எண்டு நான் சொல்லுவன். எரிச்சலில நிண்டது எண்டாலும் உண்மையைச் சொல்லவேணும். வாசலில நிண்டு மனசுக்குள்ள கேட்டுக்கொண்டுதான் இருந்தன். ஏன் ஒருத்தரும் என்னைப் பார்க்கினம் இல்லை, அதையாவது சொல்லும் எண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. செருப்பு நனைஞ்சால் நனையட்டும் எண்டு உள்ளை போய் அம்மாவுக்குப் பின்னால நிண்டன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா, பேபி, கேட்டை நட்சத்திரம் எண்டா.

பேபி! அது என்ர வீட்டுப் பெயர். வீட்டில மூத்த பிள்ளை எண்டு குழந்தையில வைச்ச பெயர். இப்பவும் சொந்தக்காரர் எல்லாருக்கும் நான் பேபிதான். அது சரி, அர்ச்சனைக்குமோ? ஐயரும் ஒரு யோசனையும் இல்லாமல் அந்தப் பெயரைச் சமஸ்கிருத மந்திரத்துக்குள்ள செருகிச் சொல்லிக்கொண்டு போறார். இத்தனை வருசமா இதுதான் நடந்திருக்கு, நான்தான் காது குடுத்துக் கேக்கேல்லை. சந்நிதியில எண்டும் பார்க்காமல் நான் அம்மாவில பாய்ஞ்சன்.

“பேபி எண்டு ஒருத்தியும் வேலைக்கு எழுதிப் போடேல்லை அம்மா. பிள்ளையார் ஆரைத் தேடுவார்?”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கேல்லை. கை கூப்பினபடியே சொன்னா. “அவருக்கு ஆளைத் தெரியும். உன்ர யூனிவர்சிற்றிக்காரருக்குத்தான் எந்தப் பெயரில தேடுறது எண்டு தெரியேல்லையாக்கும்.”

எனக்கு அந்த நேர்முகக் கேள்வி ஞாபகம் வந்தது. திருவாளர் தர்சினி. அந்த மனுசன் நக்கல் அடிக்கேல்லை. அவர் உண்மையாத்தான் கேட்டிருக்கிறார்.

கோயில் வாசலிலயே போனை எடுத்து என்னை நானே தேடினன். பிரெஞ்சுக் கடதாசிகளில என்ர குடும்பப் பெயர் அப்பாவின்ர பெயர், கணபதிப்பிள்ளை. கலாநிதிப் பட்டமும் விண்ணப்பங்களும் அந்தப் பெயரில. முதல் எழுதின கட்டுரைகளில, இந்த நீளப் பெயரை இஞ்சை ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லுறேல்லை எண்ட அலுப்பில, எங்கட வழக்கப்படி க. தர்சினி எண்டு போட்டனான். தர்சினிதான் குடும்பப் பெயர் எண்டு சஞ்சிகைக்காரர் பதிஞ்சு வைச்சிருக்கினம், க. எண்டது ஆரோ ஒரு ஆம்பிளையாக்கும் எண்டு அந்த மனுசன் நினைச்சிருப்பார். கலியாணம் கட்டினாப் பிறகு எழுதினதில எல்லாம் என்ர மனுசனின்ர பெயர், தர்சினி சிவநேசன். எங்கட ஆக்களுக்கு இதில ஒரு குழப்பமும் இல்லை. மூண்டும் ஒராள்தானே. ஆனால் தேடினவைக்கு மூண்டு பேர். நான் மற்ற ரெண்டு பேரின்ர வேலையையும் என்ரதெண்டு எழுதிப் போட்ட கள்ளி.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை இடத்தில இத்தனை படிச்ச ஆக்கள், ஒருத்தராவது இது நீரோ எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. ஒரு வார்த்தை கேக்க என்ன கஷ்டம்? இண்டைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறேல்லை. பொய் சொல்ல மாட்டன்.

பிறகு ஒவ்வொரு சஞ்சிகைக்கும் எழுதி, பெயரைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சினன். சிலர் திருத்திச்சினம், சிலர் மாட்டம் எண்டிட்டினம். என்ர பெயரை எடுக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது எண்டு என்ர மனுசன் பகிடி விட்டார். சிரிக்கிற நிலையில நான் இல்லை. அப்பத்தான் இன்னொரு இடத்தில வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் விழுந்தது. கணிதமும் கணினியும் சேர்ந்த துறை. எழுதிப் போட்டன். கூப்பிட்டினம்.

நேர்முகத்துக்குப் போற அண்டு காலமை கோயிலுக்குப் போனன். பட்டியலில முதலாவதா வரவேணும் எண்டு கேக்கேல்லை. நான் ஆரெண்டு அவைக்குத் தெரியவேணும், பிறகு வேண்டாம் எண்டால் வேண்டாம், அதை மட்டும் செய்து தாரும் எண்டு கேட்டன்.

நேர்முகத்தில முதல் வசனமே என்ர பெயர்தான். அப்பாவின்ர பெயரை முழுசாச் சொன்னன், ஒரு எழுத்தும் விழுங்காமல். மூண்டு பெயரும் எப்பிடி வந்தது எண்டும் சொன்னன். குழுவுக்குத் தலைவியா இருந்த மனுசி பேனையைக் கீழ வைச்சா.

“அப்ப இந்த மூன்று பேரும் நீங்கள்தானா?”

“ஓம்” எண்டன். தமிழில. வாயில தானா வந்திட்டுது. உடன பிரெஞ்சில திருத்திச் சொன்னன். அவ சிரிச்சுப்போட்டு, சரி, அப்ப உங்கள் வேலையைப் பற்றிக் கதைப்பம் எண்டா. பிறகு கேட்ட கேள்வி எல்லாம் கணிதம். இறுக்கிக் கேட்டினம். ரெண்டு இடத்தில தடுமாறினன். ஆனால் அண்டைக்குத்தான் முதல்முதலா ஆரோ என்ர வேலையைப் பற்றி என்னட்டைக் கேட்டினம். அந்தச் சந்தோசத்தை எப்பிடிச் சொல்ல?

வைகாசியில முடிவு வந்தது. என்னைத்தான் முதலாவதாப் போட்டிருந்தினம், வேலை எனக்குத்தான். அம்மாவுக்குச் சொன்னன். தெரியும் எண்டு சொல்லிப்போட்டு, அடுப்பைக் குறைச்சுப்போட்டு, சாமியறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா. உள்ளை அழுத சத்தம் கேட்டது.

இப்ப அறைக் கதவில என்ர பெயரை முழுசா எழுதியிருக்கு. ஒரு வரிக்குள்ள அடங்கேல்லை. அதை ஒட்டின அண்டு பார்த்துக்கொண்டு நிண்டபோதுதான் எனக்குப் பட்டது. கணபதி. நான் ஆரோட கோவிச்சுக்கொண்டு வாசலில நிண்டனோ, அவரை என்ர பெயரில ஒரு எழுத்தாச் சுருக்கி வைச்சது நான்தான். அவர் ஒரு நாளும் கோவிக்கேல்லை.

புதுசா ஆராய்ச்சிக்கு வாற எந்தப் பிள்ளையிட்டயும், எந்த நாட்டுப் பிள்ளை எண்டாலும், நான் முதல் கேக்கிறது பெயரை எப்பிடிப் போடப்போறாய் எண்டுதான். வேலைக்கு ஆள் எடுக்கிற குழுவில இருக்கச் சொல்லி என்னைக் கேட்டாலும் போவன். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேப்பன்.

உங்களில ஆராவது என்னை மாதிரி வாசலில செருப்போட நிண்டால், கோபத்தோடயே உள்ளை வாங்கோ. அவருக்கு அது பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமைகளில நாங்கள் அங்கைதான் நிப்பம். அம்மா இப்பவும் பேபி எண்டுதான் சொல்லுறா. நான் திருத்துறேல்லை.