ஐ வில் பிளெஸ் யூ வித் டூ டவல்ஸ்

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே வரவேற்பு மேசையில் உட்காரும் வேலை கிடைத்தது. அதற்கு முன் பதினைந்து வருடம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டியவள் நான். புடவைக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. விடுதிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். ‘எஸ்’, ‘நோ’, ‘வெல்கம்’ மூன்றையும் வைத்து முதல் மாதத்தை ஓட்டினேன். ஒரு பெண்மணி பதறியடித்து ஓடிவந்து குளியலறையில் தவளை இருக்கிறது என்று சொன்னபோது, “வெல்கம்” என்று சிரித்தேன். தவளை என்பது அப்புறம்தான் புரிந்தது. மறுநாளே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

செல்போன் கடை மாடியில் வகுப்பு. டீச்சருக்கு என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு வினைச்சொல் நடத்துவார். அந்த வாரம் ‘பிளெஸ்’. ‘தே ஆர் பிளெஸ்டு வித் எ பேபி பாய்’ என்று போர்டில் எழுதிப்போட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் முதலில் எழுந்தார்.

“ஐ ஆம் பிளெஸ்டு வித் ஷுகர் அண்ட் பிரஷர்.”

“நல்ல விஷயத்துக்குத்தான் சார் அப்படிச் சொல்லணும்” என்றார் டீச்சர்.

“பத்து வருசமா என்னைய விட்டுப் போகாம கூடவே இருக்கும்மா. பெத்த புள்ளைக கூட அப்படி இல்ல.”

டீச்சர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கைகாட்டினார். வகுப்பு முடியும்போது எல்லோரையும் பார்த்து, “இந்த வாரம் முழுக்க எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் இந்த வார்த்தையைப் போட்டுப் பேசுங்க. வாய்க்குப் பழகிரும்” என்றார். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் நான்.

மறுநாள் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. கல்யாணமாகி ஐம்பது வருடமானதைக் கொண்டாட ஊர் சுற்ற வந்தவர்கள். பெரியவர் நெடுநெடுவென்று உயரம், காது கொஞ்சம் மந்தம், முட்டிவலி வேறு. அந்த அம்மா அவர் நெஞ்சு உயரத்துக்குத்தான் வருவார். வந்ததும் துண்டு கேட்டார்கள்.

“ஐ வில் பிளெஸ் யூ வித் டூ டவல்ஸ்” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மெதுவாக நெஞ்சில் கைவைத்து, “தேங்க் யூ” என்றார். எனக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி இருந்தது. அதன்பின் நான் நிற்கவேயில்லை. காலைப் பலகாரத்தின்போது, “டுடே யூ ஆர் பிளெஸ்டு வித் கந்தரப்பம்.” குழாயில் சுடுதண்ணீர் வராதபோது, “ஹாட் வாட்டர் இஸ் நாட் பிளெஸ்டு, பிளீஸ் வெயிட்.” அவர்கள் ஒவ்வொன்றுக்கும் தலைகுனிந்து நன்றி சொன்னார்கள். என்ன மரியாதையான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் சமையல்கார அக்கா வரமிளகாயை வாணலியில் போட்டு வறுத்தார். கார நெடி முற்றத்தைத் தாண்டி வந்தது. பெரியவர் தும்மினார். குழந்தை தும்மினால் நாம் ‘நூறு’ என்று சொல்வதுபோல அவர்கள் ஊரில் ‘பிளெஸ் யூ’ சொல்வார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சொன்னேன். அவர் “தேங்க் யூ” என்றார். மறுபடி தும்மினார். மறுபடி சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றுக்குச் சொன்னால் மரியாதையாக இருக்காதே! எனக்காக அவரும் நன்றியை நிறுத்தவில்லை. தும்மல், பிளெஸ் யூ, தேங்க் யூ என்று பதினேழு தடவை போனது. அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் கொட்டியது.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். “ஏந்தாயி, பெரியவரு மூச்சுவிட முடியாம நிக்கிறாக, நீ பாட்டுக்கு எதுக்க நின்னு மந்திரம் ஓதிக்கிட்டு இருக்கே? வெளிய கூட்டிக்கிட்டுப் போ!”

மூன்றாம் நாள் இருவரும் காரில் திருக்கோஷ்டியூர் கோயிலுக்குப் போய்வந்தார்கள். அங்கே ஒரு புதுமணத் தம்பதி பெரியவர்கள் காலில் விழுவதைப் பார்த்து விவரம் கேட்டிருக்கிறார்கள். டிரைவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “பிளெஸ்ஸிங், சார். பிஃபோர் கோயிங், மஸ்ட்” என்று விளக்கியிருக்கிறார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கிளம்பும் நாள் காலை பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. நான் எழுந்து கைகூப்பினேன். இருவரும் என் முன்னால் ஜோடியாக நின்றார்கள். பெரியவர் ஏதோ கேட்டார். அதில் ‘பிளெஸ்’ மட்டும் காதில் விழுந்தது. தெரிந்த வார்த்தையாயிற்றே என்று, “எஸ், எஸ்” என்றேன். அடுத்த நொடி அந்த அம்மா முட்டிபோட்டார். பெரியவர் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நான் துள்ளிப் பின்னால் போனேன். இன்னும் கிட்டே வரவேண்டும்போல என்று நினைத்து அவர் தவழ்ந்து முன்னால் வந்தார்.

“யாத்தே!” அக்கா ஓடிவந்தார். “வயசுல மூத்தவுக விழுந்தா நமக்கு ஆகாது தாயி. நீயும் விழுந்துரு!”

விழுந்தேன். இப்போது மூன்று பேரும் தரையில்தான். என் தலையும் பெரியவர் தலையும் இடிக்காத குறை. “பிளெஸ் அஸ், பிளீஸ்” என்றார் அந்த அம்மா, தரையிலிருந்தே சிரித்தமுகமாக. ஏதாவது சொல்லியாக வேண்டும். தமிழில் தெரிந்த வாழ்த்தெல்லாம் மறந்துபோயிற்று. ஆங்கிலத்தில் முழுசாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பி பிளெஸ்டு வித் எ பேபி பாய்” என்றேன்.

பெரியவர், “வாட்?” என்றார். அந்த அம்மா குனிந்து அவர் காதில் திரும்பச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டது. பெரியவர் குப்புறக் கிடந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு நின்றபின் எழப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. டிரைவர் ஒரு பக்கம், நானும் அக்காவும் மறுபக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம்.

அக்கா அடுப்படி மாடத்திலிருந்து திருநீறு எடுத்துவந்தார். “நோய்நொடி இல்லாம ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்று நெற்றியில் பூசிவிட்டார். அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல் அங்கே எல்லாம் நன்றாக முடிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

“அவுக உன் கால்ல விழுந்தாகளா, நீ அவுக கால்ல விழுந்தியா?”

“ரெண்டுந்தான்.”

“மொதல்ல யாரு?”

“அவுக.”

“நீ அப்படி என்ன சொன்னே?”

அந்த இடம் வந்தாலே எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூன்று தடவை ஆரம்பித்தேன், ஒரு தடவைகூட முடிக்க முடியவில்லை. மறுநாள் சமையல்கார அக்காவைப் போனில் பிடித்துக் கேட்டுத்தான் மனிதர் முழுசாகத் தெரிந்துகொண்டார்.